கதவடைத்த சபையும் காட்டுத்தீயும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரதிநிதிகள் சபையைப் பற்றிப் பேசுவோரிடத்தும் எழுதுவோரிடத்தும் இன்று ஏறக்குறைய ஒருமித்து நிலவும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. காட்டுத்தீ போன்ற ஆபத்தும் அந்நியர் குடியேற்றம் போன்ற கொந்தளிப்பான பிரச்சினையும் சபை முன் வரும்போது, ஒவ்வோர் உறுப்பினரும் தமக்குத் தோன்றிய திருத்தங்களையெல்லாம் கொண்டுவர இடங்கொடுத்தால் காரியம் கெட்டுப்போகும் என்பதும், ஆதலால் விவாதத்தின் நேரத்தையும் எல்லையையும் முன்கூட்டியே கட்டிவைக்கும் தலைவர்கள் பொறுப்புணர்ந்தே அவ்வாறு செய்கிறார்கள் என்பதும் அந்த அபிப்பிராயம். ஆளும் கட்சியார் இதைச் சொல்வதில் வியப்பில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது இதே ஏற்பாட்டைக் கொடுங்கோன்மை என்று வருணித்தவர்கள், ஆட்சி கைக்கு வந்த மறுநாளே இதை விவேகம் என்று போற்றுவதும், நடுநிலையாளர் எனப்படுவோர் அவ்விரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு, சபை நடைமுறை என்பது நிபுணர்களின் நுணுக்கம், ஜனங்களுக்கு வேண்டியது பலன்தான் என்று கைகழுவிவிடுவதுமே வியப்புக்குரியன. இந்த அபிப்பிராயம் அடியோடு தவறானது என்பதே என் கட்சி.

அந்த ஏற்பாட்டின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்வது நலம். அச்சபையில் வாதத்துக்குரிய மசோதா எதுவும், விவாதத்திற்கு வருமுன், விதிக் குழு என்னும் சிறு குழுவின் வாயிலைக் கடந்தாக வேண்டும். பதின்மூவர் கொண்ட அக்குழுவில் பெரும்பான்மைக் கட்சிக்கு ஒன்பது இடம், சிறுபான்மைக் கட்சிக்கு நான்கு. சபையில் இரு கட்சிகளுக்குமிடையே உள்ள வித்தியாசம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே ஆயினும், இந்த ஒன்பதும் நான்கும் பல பத்தாண்டுகளாக மாறியதில்லை. குழு ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு விசேஷ விதியை எழுதி, அதைத் தீர்மானமாகச் சபையில் நிறைவேற்றிக்கொள்ளும். பொது விவாதம் எத்தனை நேரம், அதை எவரெவர் பங்கிட்டுக்கொள்வது, எந்தத் திருத்தங்கள் வரலாம், சபையின் நிரந்தர விதிகளுள் எவற்றை இந்த மசோதாவின்பொருட்டு ஒதுக்கிவைப்பது என்பன யாவும் அத்தீர்மானத்தில் அடங்கும். யாவருடைய திருத்தத்துக்கும் இடமளிப்பது திறந்த விதி. குழு பொறுக்கியெடுத்த சிலவற்றுக்கு மட்டும் இடமளிப்பது வரையறுத்த விதி. ஒன்றுக்குமே இடமளியாதது மூடிய விதி. இவற்றுள் முதலாவது இன்று அநேகமாக வழக்கொழிந்துபோயிற்று.

2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பிரதேசத்தில் பாலிசேட்ஸ் குன்றுகளிலும் ஆல்டடீனாவின் பக்கத்திலும் தீ மூண்டது. அதே நாளில் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை, லேக்கன் ரைலி சட்டம் என்று பெயரிட்ட குடியேற்ற மசோதாவை 264க்கு 159 என்ற வாக்கில் நிறைவேற்றியது. முறையான அனுமதியின்றி நாட்டிலிருக்கும் ஒருவர் மீது திருட்டு, கன்னமிடல் போன்ற குற்றம் சாட்டப்பட்டாலே அவரைக் கட்டாயமாகக் காவலில் வைக்க வேண்டும் என்பதும், மத்திய அரசு குடியேற்றச் சட்டத்தைச் சரிவர அமல்செய்யவில்லையெனில் மாநில அட்டர்னி ஜெனரல்கள் வழக்குத் தொடரலாம் என்பதும் அதன் சாரம். அதற்குரிய மூடிய விதியை விதிக் குழு தனியே உட்கார்ந்து எழுதக்கூட இல்லை. புதிய சபை கூடியதும், இரண்டாண்டுகளுக்கான சபை விதிகளை ஏற்ற அந்த முதல் தீர்மானத்துக்குள்ளேயே, பன்னிரண்டு மசோதாக்களுக்கான மூடிய விதிகள் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு வாரம் கழித்து, செனட் சபை திருத்தி அனுப்பிய அதே குடியேற்ற மசோதாவுக்கும், காடுகளைச் சீர்செய்து தீயைத் தடுக்கும் நோக்கமுடையதாகச் சொல்லப்பட்ட வன மசோதாவுக்கும் ஒரே தீர்மானம் வழிவகுத்தது. காட்டில் அடர்ந்துவிட்ட மரங்களை விரைந்து களைய வேண்டும் என்று விரும்பும் உறுப்பினர் ஒருவர், தீர்ப்புக்கு முன்னரே காவல் என்பதை விரும்பாதவராகவும் இருக்கலாம் அல்லவா? அவர் இரண்டையும் பிரித்து, ஒன்றின் விதிக்கு ஆம் என்றும் மற்றதன் விதிக்கு இல்லை என்றும் சொல்ல வழி கிடையாது. தீக்கும் அந்நியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டும் அந்த வாரத்து அட்டவணையில் இருந்தன என்பதே சம்பந்தம்.

இனி, இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம்.

நானூற்று முப்பத்தைந்து பேர் கொண்ட சபையில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசினால் எந்தக் காரியமும் நடவாது என்பது முதல் நியாயம். இதைச் சொல்வோர் தவறாமல் சபாநாயகர் தாமஸ் பிராக்கெட் ரீடின் பெயரை இழுப்பார்கள். அவர் காலத்தில், சபையில் நேரில் உட்கார்ந்திருக்கும் சிறுபான்மை உறுப்பினர்கள், பெயர் கூப்பிடும்போது மட்டும் வாய் திறவாமலிருந்து, போதிய உறுப்பினர் இல்லை என்று காட்டிக் காரியத்தை நிறுத்திவிடுவது வழக்கமாயிருந்தது. 1890ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி ரீட், வாய் திறவாதவர்களையும் வந்திருப்பவராகவே கணக்கிடும்படி எழுத்தரைப் பணித்தார். தாம் சபையில் இல்லை என்று நிலைநாட்டுவதற்காகவே சிலர் எழுந்து நின்று உரத்த குரலில் ஆட்சேபித்த அழகு அச்சபையின் சரித்திரத்தில் அழியாதது. ரீட் செய்தது சரி. ஆனால் அவர் ஒழித்தது முட்டுக்கட்டையை. வாக்கெடுப்பே நிகழவொட்டாமல் தடுப்பவனை அடக்குவதற்காக அவர் தேடித்தந்த அதிகாரத்தை, ஒரு விஷயத்தில் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்பவனை அடக்குவதற்குப் பயன்படுத்துவோர் அவர் பெயரைச் சொல்வது பொருந்தாது. மேலும், நேரம் மிச்சமாகிறது என்பதும் மெய்யன்று. மூடிய விதியின் கீழ் மசோதா மீது வழக்கமாக ஒரு மணி நேரம் பொது விவாதம் நடக்கும். அந்த விதியை ஏற்பதா என்பதைப் பற்றியும் அதே சபை ஒரு மணி நேரம் விவாதிக்கிறது. பேச அனுமதிப்பதா என்று பேசுவதற்கும், பேசுவதற்கும் சமநேரம் ஒதுக்கும் சபை நேரச் சிக்கனத்தைப் பற்றி உபதேசிப்பது வேடிக்கையாக இல்லையா?

இரண்டாவது நியாயம் அவசரம். தீ எரியும்போது திருத்தம் பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஆனால் வன மசோதா என்பது தீயணைக்கும் வண்டியன்று. எத்தனை ஏக்கர் வரை சுற்றுச்சூழல் ஆய்வின்றி மரம் களையலாம், எவர் வழக்குத் தொடுக்கலாம், எத்தனை நாளுக்குள் தொடுக்க வேண்டும் என்பன போன்ற, ஒரு தலைமுறைக்கு நின்று ஆளப்போகும் விஷயங்களை அது நிர்ணயிக்கிறது. இந்த அவசர வாதத்தின் யோக்கியதையை அறிய வேண்டுமாயின், வனத்துறையின் பணக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2020ஆம் நிதியாண்டுக்கு முன்பெல்லாம், மத்திய வனத்துறைக்குத் தீயணைப்புக்கென்று ஒதுக்கிய தொகை பல ஆண்டுகளில் கோடைக்காலம் முடியுமுன்பே தீர்ந்துவிடும். தீர்ந்ததும், மரம் களைதல், புதர் அகற்றல், பாதை பராமரித்தல் முதலிய பணிகளுக்கான பணத்தை எடுத்துத் தீயில் போடுவார்கள். அதாவது, அடுத்த ஆண்டுத் தீயைத் தடுக்கவேண்டிய பணம் இந்த ஆண்டுத் தீயை அணைப்பதில் கரைந்துபோகும். தடுப்பு வேலை நின்றுபோனதால் அடுத்த ஆண்டுத் தீ இன்னும் பெரிதாகும். 2015ஆம் ஆண்டில் அத்துறையின் பட்ஜெட்டில் பாதிக்கு மேல், முதன்முறையாக, தீக்கே சென்றது. இந்தச் சுழலை நிறுத்தும் உபாயம் எவருக்கும் தெரியாததன்று. பெருந்தீயைப் புயல், வெள்ளம் போலவே இயற்கைப் பேரிடராகக் கருதி, அதற்குரிய தனி நிதியிலிருந்து செலவு செய்வதே அது. ஐடஹோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் சிம்ப்சனும் ஆரிகனின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கர்ட் ஷ்ரேடரும், அதாவது தங்கள் தொகுதியிலேயே புகையைச் சுவாசித்துப் பழகியவர்கள், 2014இல் இதற்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். இரு கட்சிகளையும் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டார்கள். அந்த மசோதா சபையின் வாக்குக்கே விடப்படவில்லை. செலவு வரம்பு தளர்ந்துவிடும் என்று அஞ்சிய தலைவர்கள் வாயிலைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். 2015 ஜூலையில், அந்நிதி ஏற்பாட்டைப் போன்ற ஒன்று, மரம் வெட்டும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் வாதத்துக்குரிய மசோதாவோடு முடிச்சுப்போடப்பட்டு, 262க்கு 167 என்ற வாக்கில் நிறைவேறி, செனட் சபையில் அப்படியே கிடந்தது. முடிவில் 2018 மார்ச்சில், 2,232 பக்கம் கொண்ட ஒரு மாபெரும் செலவு மசோதாவின் உள்ளே அது நுழைந்தது. அந்த மசோதா ஒரு புதன்கிழமை மாலை வெளியிடப்பட்டு, மறுநாளே, ஒரு திருத்தத்துக்கும் இடமின்றி, பிரதிநிதிகள் சபையில் 256க்கு 167 என்று நிறைவேறியது. புதிய நிதி ஏற்பாடு நடப்புக்கு வந்தது 2020ஆம் நிதியாண்டு முதல்.

பார்த்தீர்களா, கதவை அடைத்ததால்தானே காரியம் முடிந்தது என்று இந்த முடிவைக் காட்டி வாதிப்போர் உண்டு. முடிந்தது எப்போது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. நாலாண்டு பூட்டிவைத்திருந்தவர், ஐந்தாம் ஆண்டு ஓரிரவில் திறந்ததற்காக விரைவு பற்றிய பாராட்டைக் கேட்கிறார். 2014இல் அந்த மசோதா ஒரு பிற்பகல் சபை முன் வந்திருந்தால் எத்தனை வாக்குப் பெற்றிருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்ததே அந்த நடைமுறையின் சாதனை.

மூன்றாவது நியாயத்தை விரைவில் முடித்துவிடலாம். நிபுணத்துவம் உள்ள குழுக்கள் ஏற்கெனவே ஆராய்ந்துவிட்டன, சபையில் மீண்டும் கிளறுவானேன் என்பது அது. 2018 ஜூன் மாதம் அச்சபை வாக்களித்த இரண்டு பெரிய குடியேற்ற மசோதாக்களுள் எதுவும் எந்தக் குழுவிலும் திருத்தி ஆராயப்படவில்லை; அவற்றுள் பின்னது ஜூன் 19ஆம் தேதி சமர்ப்பிக்கப்பட்டு 27ஆம் தேதி 121க்கு 301 என்று தோற்கடிக்கப்பட்டது. மறுகட்சி ஆண்ட 2022இல், ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான தனித்தனி மசோதாக்களை ஒரே கட்டாகக் கட்டி, காட்டுத்தீ மற்றும் வறட்சி மசோதா என்று பெயரிட்டு, 218க்கு 199 என்று நிறைவேற்றினார்கள். அதுவும் செனட் சபையில் அடங்கிப்போயிற்று. குழு ஆராய்ந்ததற்காகச் சபையை மூடுவதாயின், குழு ஆராயாதபோதாவது திறக்க வேண்டுமல்லவா?

உண்மையில் இவர்கள் நெஞ்சிலுள்ளது நான்காவது நியாயம். மற்றவை அதற்குப் போர்த்திய சால்வைகள். மசோதாவைக் கொல்வதற்கென்றே கொண்டுவரப்படும் திருத்தங்கள் உண்டு, அவற்றை நஞ்சுத் திருத்தங்கள் என்று அந்நாட்டார் சொல்வார்கள். குடியேற்றம் போன்ற விஷயத்தில் கதவைத் திறந்தால் நஞ்சே முதலில் நுழையும் என்பது அவர்கள் அச்சம். இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் 2016ஆம் ஆண்டு மே மாதம். அந்த உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாதம் 19ஆம் தேதி, ராணுவக் கட்டிடங்களுக்கும் படைவீரர் நலத்துக்குமான செலவு மசோதா விவாதத்தில் இருந்தது. மத்திய அரசின் ஒப்பந்தக்காரர்கள் தன்பாலின ஈர்ப்பாளரிடமும் திருநரிடமும் பாரபட்சம் காட்டலாகாது என்ற ஏற்பாட்டைக் காக்கும் திருத்தத்தை நியூயார்க் உறுப்பினர் ஷான் பேட்ரிக் மலோனி கொண்டுவந்தார். வாக்களிக்கும் நேரம் தீர்ந்து கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியபோது பலகையில் ஆதரவு 217 என்று இருந்தது. திருத்தம் ஏறக்குறைய வென்றுவிட்டது. வாக்கெடுப்பை மூடவில்லை. தலைவர்கள் வரிசை வரிசையாகச் சென்று தம் கட்சியாரிடம் பேச, ஒவ்வொருவராக ஆதரவை எதிர்ப்பாக மாற்றிக்கொண்டு வர, பலகையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. வெட்கம், வெட்கம் என்று எதிர்வரிசையினர் கூவினர். 212க்கு 213 என்ற கணக்கு வந்ததும் வாக்கெடுப்பு மூடப்பட்டது. அடுத்த வாரம் எரிசக்தி, நீர்வள மசோதாவில் மலோனி அதையே மறுபடி கொண்டுவந்தார். 223க்கு 195 என்று வென்றது. மறுநாள், திருத்தப்பட்ட அந்த மசோதாவை ஆளும் கட்சியினரே பலர் கைவிட, எதிர்க்கட்சியாரும் வேறு சில திருத்தங்களின் காரணமாக எதிர்க்க, 112க்கு 305 என்று அது வீழ்ந்தது. அதன்பின் ஏறக்குறைய ஏழாண்டு காலம் அச்சபையில் திறந்த விதி என்பது இல்லாமற்போயிற்று.

நஞ்சு மசோதாவைக் கொன்றது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். நடந்தது என்ன? சபையில் பெரும்பான்மையோர் ஒரு விஷயத்தில் ஓர் அபிப்பிராயம் கொண்டிருந்தனர். அது பலகையில் தெரிந்துவிட்டது. தெரிந்தது தலைவர்களுக்குச் சங்கடமாயிருந்தது. சபையின் மெய்யான பெரும்பான்மை வெளிப்பட்டதற்கு நஞ்சு என்று பெயர் சூட்டி, இனி அது வெளிப்படாதபடி ஏழாண்டு கதவை அடைத்தார்கள்.

நஞ்சு என்பது எப்போதும் கொல்லும் என்பதும் பொய். 2019 பிப்ரவரி 27ஆம் தேதி, அப்போது ஆண்ட ஜனநாயகக் கட்சியார் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தனர். அனுமதியின்றிக் குடியேறிய ஒருவர் துப்பாக்கி வாங்க முயன்றால் குடியேற்ற அமலாக்கத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற திருத்தத்தை, சிறுபான்மையினர் தமக்கு எஞ்சியிருந்த ஒரே வழியான திருப்பியனுப்பும் பிரேரணையின் மூலம் முன்வைத்தனர். ஆளும் கட்சியிலிருந்து 26 பேர் சேர, 220க்கு 209 என்று அது வென்றது. மசோதா செத்ததா? அன்றே 240க்கு 190 என்று நிறைவேறியது. ஆனால் தலைவர்களுக்கு ஏற்பட்ட அவமானம் ஆறவில்லை. 2021இல் அந்தப் பிரேரணையில் திருத்தம் சேர்க்கும் உரிமையையே சபை விதிகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்து ஆட்சிக்கு வந்த மறுகட்சி, தான் இழந்த உரிமைக்காக அன்று அழுத கட்சி, அதைத் திருப்பிக்கொடுக்கவில்லை.

லேக்கன் ரைலி மசோதாவையே பார்ப்போம். பிரதிநிதிகள் சபையில் அதற்கு ஒரு திருத்தமும் கிடையாது. செனட் சபையில் சில திருத்தங்களாவது வாக்குக்கு விடப்பட்டன. காவல் அதிகாரியைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரையும் காவலில் வைக்க வேண்டும் என்று டெக்சஸின் ஜான் கார்னின் கொண்டுவந்த திருத்தம் 70க்கு 25 என்று ஏற்கப்பட்டது. மாநிலங்களுக்கு வழக்குரிமை தரும் பகுதியை நீக்க வேண்டுமென்று டெலவேரின் கிறிஸ் கூன்ஸ் கொண்டுவந்தது தோற்றது. எனக்கு அந்தச் சட்டம் உவப்பானதன்று; முதலாவது திருத்தமும் உவப்பானதன்று. ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் பொருள் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிடித்து வைக்கும் மசோதாவில், காவலரைத் தாக்கியவர் விடுபட்டிருந்தார் என்பதை, அந்த மசோதாவை மனமார ஆதரித்த 264 பிரதிநிதிகளுள் ஒருவருக்கும் சபையிலே சுட்டித் திருத்த வழியிருக்கவில்லை. மூடிய விதி எதிரியைத்தான் தடுக்கிறது என்று நினைப்போர், அது நண்பனையும் தடுத்ததை இங்கே காணலாம்.

இவ்விடத்தில் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபத்தையும் நானே சொல்லிவிடுவது நேர்மை. 2018 பிப்ரவரியில் செனட் சபை குடியேற்றத்தைப் பற்றித் திறந்த விவாதம் நடத்துவதாக அறிவித்து, 15ஆம் தேதி நான்கு யோசனைகளை வாக்குக்கு விட்டது, நான்கும் தோற்றன. ஆகவே திறந்த விவாதமும் பயனற்றது என்பார்கள். வாக்குகளைப் பாருங்கள். அதிபர் ஆதரித்த யோசனைக்கு 39. இரு கட்சியாரும் கூடி எழுதிய யோசனைக்கு 54. செனட் உறுப்பினர்கள் மக்கெய்னும் கூன்ஸும் எழுதியதற்கு 52. தோற்றது பெரும்பான்மையின்மையால் அன்று, அறுபது வாக்கு வேண்டும் என்ற அந்தச் சபையின் வேறொரு விதியால். அதிபரின் யோசனை எல்லாவற்றிலும் பின்தங்கியது என்பதும், இரு கட்சியினரின் சமரசம் பாதிக்கு மேல் பெற்றது என்பதும் அன்றைக்கு நாடறிந்தன. பிரதிநிதிகள் சபையிலோ அப்படி அறியும் வாய்ப்பே அளிக்கப்பட்டதில்லை. 2013 ஜூன் மாதம் செனட் சபை 68க்கு 32 என்று நிறைவேற்றிய விரிவான குடியேற்ற மசோதாவைச் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜான் பெய்னர் சபை முன் வைக்கவே இல்லை. அவர் கட்சியில் பெரும்பான்மையோருக்கு அது பிடிக்கவில்லை என்பதே காரணம். ஆக, சபையில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று போதாது; ஆளும் கட்சிக்குள் ஐம்பத்தொன்று இருந்தால் போதும். இந்தக் கணக்கில் சபையின் கால்வாசிக்குச் சற்று மேற்பட்டவர்களே முழுச் சபையையும் ஆளலாம்.

2018இல் சில ஆளும் கட்சி உறுப்பினர்களே இதைப் பொறுக்கமாட்டாது எழுந்தார்கள். கலிபோர்னியாவின் ஜெஃப் டென்ஹம், ஃப்ளோரிடாவின் கார்லோஸ் குர்பெலோ முதலியோர், விதிக் குழுவைச் சுற்றிக்கொண்டு போகும் மனுவில் கையொப்பம் சேகரித்தனர். அம்மனுவின்படி, நான்கு குடியேற்ற மசோதாக்களைச் சபை முன் வைப்பது. எது மிக அதிக வாக்குப் பெறுகிறதோ அதுவே சபையின் முடிவு. தலைவர்களின் மசோதாவுக்கும் அந்நான்கில் இடமுண்டு. இதைவிட நியாயமான பந்தயம் வேறென்ன வேண்டும்? 218 கையொப்பம் தேவை. 216 வரை சேர்ந்தது. அதற்குள் தலைவர்கள் தனியறைப் பேச்சில் சமரச மசோதா ஒன்றுக்கு வாக்குறுதி தந்து மனுவை நிறுத்தினார்கள். அந்தச் சமரசம்தான் மேலே சொன்ன 121 வாக்கு.

விதிக் குழுவின் சாவி எந்தக் கட்சிக்கும் எந்தக் கொள்கைக்கும் நிரந்தரச் சொத்தன்று என்பதை, இன்று அதைப் போற்றும் தாராளவாதிகள் நினைவில் வைப்பது நலம். வெர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் அக்குழுவின் தலைவராயிருந்த காலத்தில், கறுப்பின மக்களின் குடிமை உரிமை மசோதாவைத் தாமதப்படுத்த வேண்டி, தம் பண்ணையில் களஞ்சியம் தீப்பற்றிவிட்டது என்று சொல்லி 1957இல் ஊருக்குப் போய்விட்டார். மசோதாவை எதிர்ப்பார் என்று தெரியும், அதற்காகத் தீவைப்பார் என்று தெரியாது என்ற பொருளில் சக உறுப்பினர் ஒருவர் கேலி செய்ததாகச் சொல்வதுண்டு. 1961இல் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டி அவர் பிடியைத் தளர்த்தும் தீர்மானம் 217க்கு 212 என்று மயிரிழையில்தான் வென்றது.

அப்படியானால் எப்படித்தான் நடத்துவது என்று கேட்கலாம். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில், பெட்ரோலியச் சேமிப்புக் கையிருப்பைப் பற்றிய ஒரு மசோதாவை, நீண்ட காலத்துக்குப் பின், சற்று வரையறுத்த திறந்த விதியின் கீழ் அச்சபை எடுத்துக்கொண்டது. திருத்தங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டு யாவர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் தாக்கலாயின. உறுப்பினர்கள் தத்தம் கடற்கரைகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் பற்றி, எழுதிவைத்த கட்சி வாசகங்களை விட்டு, தமக்குத் தெரிந்ததைப் பேசினார்கள். பல திருத்தங்கள் தோற்றன, சில வென்றன. இரண்டு நாளில் வேலை முடிந்து, மசோதா 221க்கு 205 என்று நிறைவேறியது. இரண்டாண்டு கழித்து வந்த வன மசோதாவுக்கு இரண்டு நாளும், குடியேற்ற மசோதாவுக்கு மூன்று நாளும் இவ்வாறு ஒதுக்கியிருந்தால் அந்த ஜனவரி மாதத்தில் சபைக்கு என்ன குறை வந்திருக்கும் என்பதைக் கதவடைப்பை ஆதரிப்போர்தாம் சொல்ல வேண்டும்.